நரம்பு போகும் வழி

வேணும் என்றாரா, வேணாம் என்றாரா. மேற்பல் கீழுதட்டைத் தொட்டதைப் பார்த்தேன், அது வே. கடைசியில் உதடுகள் ஒட்டியதையும் பார்த்தேன், அது ம். நடுவில் இருந்ததைத்தான் பார்க்கவில்லை, அதற்குள் அவர் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டார். உதடு குவிந்திருந்தால் வேணும், வாய் திறந்திருந்தால் வேணாம். அந்த நேரம் நான் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன், நெஞ்சில் பச்சைத் துணி, முகத்துக்கு நேரே விளக்கு, கண்ணைச் சாய்த்தால் சுவரோரம் அவர்கள் இரண்டு பேரும், கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறத்தில் என் தாடை. டாக்டர் பர்வீன் மாஸ்க் போட்டிருந்தார். மாஸ்க் போட்டவர்கள் எனக்கு வாயில்லாதவர்கள். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போனதிலிருந்து இருபத்தாறு வருஷமாக மனிதர்களை நான் உதட்டில்தான் கேட்கிறேன், உதட்டை மூடிக்கொண்டால் கண் மட்டும் மிச்சம், கண்ணில் வார்த்தை கிடையாது. டாக்டரின் கண் திரையைப் பார்த்தது, பேனா முனை என் கடைசிக் கடைவாய்ப்பல்லின் வேரைத் தொட்டது, அங்கேயே நின்றது, பிறகு அந்தக் கண் என் வீட்டுக்காரரைப் பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. பல் என்னுடையது. கேள்வி அவரிடம் போனது. அவர் சொன்னார், வே, பிறகு ஏதோ ஒன்று, பிறகு ம்.

இப்போது கீழ்த்தளத்தில் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் அவர், சென்னியப்பன், செல்போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறார். எதையும் படிக்கவில்லை, படிக்கிற ஆளின் விரல் நடுவில் நிற்கும். படி இறங்கும்போதே கேட்டேன், டாக்டர் என்னங்க சொன்னாங்க. அவர் ஒரு படி கீழே நின்று முகத்தை எனக்கு நேராக வைத்துக்கொண்டு சொன்னார், "இன்னொரு படம் எடுக்கோணுமாமா. பயப்படாத கண்ணு." படம், பயம், இரண்டும் உதட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் பயப்படுகிறேன் என்று யார் சொன்னது. ஒரு படம் எடுத்தாயிற்று, தாடை முழுக்க ஒரே படத்தில் வந்துவிட்டது, அப்புறம் எதற்கு இன்னொன்று. முதல் படத்தில் எதையோ பார்த்துவிட்டார்கள். அவர் வேணும் என்று சொல்லியிருந்தால் இந்தப் படத்தைத்தான் சொல்லியிருப்பார், வந்துவிட்டோம், சரியாகப் போயிற்று. வேணாம் என்று சொல்லியிருந்தால் எதை வேணாம் என்றார். படத்தை வேணாம் என்றிருந்தால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியானால் அவளுக்குச் சொல்ல வேணாம் என்றிருப்பார். அப்படித்தான் இருக்கும். தாடைக்குள் ஏதோ கட்டி, அவளுக்குச் சொல்ல வேணாம். மூன்று தடவை வீங்கியதே, ஐப்பசியில் ஒன்று, பொங்கலுக்கு முன்னால் ஒன்று, போன வாரம் ஒன்று, போன வாரம் வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை, காய்ச்சலோடு கஞ்சித் தண்ணீர். வெறும் பல்லுக்கு இவ்வளவு வருமா. எதிர்ச் சுவரில் நாள்காட்டி, ஒரு குழந்தை பல் தெரியச் சிரிக்கிறது. அதையும் ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்க்கிறேன். பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன், ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் கையில் புரளும், நல்ல துணியில் ஓட்டை எங்கே என்று தேடுவதுதான் வேலை. தேடிப் பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை.

எங்கள் டேபிளில் மயிலாத்தா அக்கா இருக்கிறாள். அவளுக்கும் இதே பல்தான், இதே வலது கீழ்ப்பக்கம்தான். வேறெங்கோ போய்ப் பிடுங்கினாள், பெரிய படமெல்லாம் ஒன்றும் எடுக்கவில்லை, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று பெருமையாகச் சொன்னாள். ஊசி போட்ட மரப்பு இறங்கவே இல்லை. நரம்பில் பட்டுவிட்டதாம், ஆறு மாதத்தில் சரியாகும் என்றார்களாம், இரண்டு வருஷம் ஆகிவிட்டது. டீ குடிக்கும்போது கீழுதட்டின் ஓரமாக வழிந்து தாடையில் நிற்கும், அவளுக்குத் தெரியாது, நான் என் தாடையைத் தொட்டுக் காட்டுவேன், அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். "கொசு கடிச்சாக்கூடத் தெரியறதில்ல வசுமதி." அவளுக்குக் காது இருக்கிறது. உதடு மரத்தாலும் தான் பேசுவதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கிறாள். எனக்கு என் பேச்சு வாய்க்குள்தான் இருக்கிறது. உதடு உதட்டைத் தொடுவது, நாக்கு பல்லின் பின்னால் முட்டுவது, அண்ணத்தில் ஏறுவது, அந்தத் தொடுதல்கள்தான் என் குரல். காது போன வருஷம் பேச்சுப் பயிற்சியில் அண்ணத்தில் தேன் தடவுவார்கள், ல என்றால் பல்லுக்குப் பின்னால், ள என்றால் இன்னும் உள்ளே, நாக்கு போய்த் தேனைத் தொட்டால் எழுத்து சரி. ழ வுக்கு மட்டும் தேன் கிடையாது. நாக்கு எங்கேயும் தொடாமல் மடங்கி நிற்க வேண்டும். தொடாததைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு எட்டு மாதம் பிடித்தது. என் மகளுக்கு எழில் என்று பெயர் வைத்தபோது மாமியார் முகத்தைச் சுளித்தார், கூப்பிட முடியாத பெயரை எதற்கு வைக்கிறாள் என்று. கூப்பிடுகிறேன். ஐந்து வருஷமாகக் கூப்பிடுகிறேன், எந்த அறையில் இருந்தாலும் வருகிறாள். போன வருஷம் ஒரு பல்லை அடைக்க ஊசி போட்டார்கள், பாதி நாக்கு மூன்று மணி நேரம் மரத்துக் கிடந்தது, வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன், அவள் கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்தாள், வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் அழுதுவிட்டாள். அவள் அப்பாவிடம் சொன்னதை உதட்டில் பார்த்தேன், அம்மா வேற யாரோ மாதிரிப் பேசறாங்க. மூன்று மணி நேரம். மயிலாத்தா அக்காவுக்கு இரண்டு வருஷம்.

கதவு திறக்கிறது. ஸ்கேன் எடுக்கிற அம்மா, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி, மாஸ்க், உள்ளே வரச் சொல்லிக் கை காட்டுகிறார். காதைத் தொட்டுக் காட்டுகிறார், கம்மலைக் கழற்றணும், மூக்குத்தியை, தலையில் இருக்கிற கிளிப்பை, கழுத்துச் செயினை. எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் கைக்குட்டையில் வாங்கிக்கொள்கிறார். பிறகு அந்த அம்மா ஏதோ கேட்கிறார். என்னிடம் இல்லை, அவரிடம். மாஸ்க் அசைகிறது, அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டுகிறார், இல்லை என்று. சட்டென்று ஆட்டிவிட்டார், யோசிக்கவே இல்லை. என்ன கேட்டார்கள். சுவரில் பலகை இருக்கிறது, சிவப்பு எழுத்து, கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும். அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் இவ்வளவு வேகமாக இல்லை. என் வயிற்றைப் பற்றி என்னைவிட உறுதியாக அவருக்குத் தெரியும், ஏனென்றால் கையெழுத்துப் போட்டவர் அவர். எழில் பிறந்த அன்றைக்கு. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள், அது வரைக்கும் எனக்குத் தெரியும். தள்ளுவண்டியில் போகும்போது மாமியார் கூடவே நடந்தார், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன். புரியாதபோது தலையாட்டுவது எனக்குப் பழக்கம், என்ன என்று நூறு தடவை கேட்டால் மனிதர்கள் முகம் சலித்துப்போகும், அந்தச் சலிப்பைப் பார்ப்பதற்குத் தலையாட்டிவிடலாம். இரண்டு வருஷம் கழித்து, அடுத்தது ஏன் தங்கவில்லை என்று அதே ஆஸ்பத்திரிக்குக் கேட்கப் போனால், அங்கிருந்த டாக்டரம்மா பழைய காகிதத்தில் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். பிரசவத்தோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு. கணவர் கையெழுத்து. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "உன்னக் கேட்டாச்சு, நீ தலையாட்டிட்டீன்னு அம்மா சொன்னாங்க," என்றார், "நீ சரின்னுட்டீனுதான் நான் போட்டேன்." தலையாட்டினேன்தான். எதற்கு ஆட்டினேன். அடுத்தது இவள் மாதிரிக் காது கேட்காமல் பிறந்தால் என்று மாமியார் பின்னால் ஒரு நாள் சொன்னார். என் காது பிறப்பில் போகவில்லை, காய்ச்சலில் போனது, எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் நல்லவராகத்தான் இருக்கிறார். குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காது என்பதால் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் கூப்பிடுவார், சினிமாவுக்குப் போனால் கதையைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். ஆனாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரிடமாவது பேசினால் என் அடிவயிற்றில் அந்தத் தழும்பு இழுக்கிறது.

ஈயம் வைத்த கவசத்தைத் தோளில் போடுகிறார்கள், இரண்டு ஆள் கனம். இயந்திரத்துக்கு முன்னால் நிற்கச் சொல்லி, தாடையை ஒரு தட்டில் வைத்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடிக்க வைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி. அந்த அம்மா என் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முடி அகலம் திருப்புகிறார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போய்விடுகிறார். அவரும் கூடவே போகிறார். போகும்போது கையை மரம்போல் விறைத்துக் காட்டினார், அசையாதே. எவ்வளவு நேரம் என்று காட்டவில்லை. முகத்துக்கு நேரே ஒரு சின்னக் கண்ணாடி, அதில் என் கண் மட்டும் தெரிகிறது, சொந்தக் கண்ணே என்னைச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது. தொடங்குகிறது. எனக்குச் சத்தம் இல்லை, தாடை எலும்பு வழியாக ஒரு அதிர்வு ஏறுகிறது, கைப்பிடியிலும் அது இருக்கிறது, ஒரு பெரிய கை தலையைச் சுற்றிப் போகிறது, இடது காதோரம் மறைந்து பின்னால் போய் வலது கண்ணோரம் வருகிறது. எச்சில் ஊறுகிறது, விழுங்கலாமா. விழுங்கினால் நாக்கு ஏறும், நாக்கு ஏறினால் தாடை அசையும். விழுங்கவில்லை. பிளாஸ்டிக் துண்டின் மேல் நாக்கின் நுனி இருக்கிறது, வழவழப்பு, ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, அச்சில் வார்க்கும்போது விட்ட பிசிறு. இந்தப் பிசிறு தெரிகிறது. ஒரு நூல் அளவு பிசிறு தெரிகிறது. இந்த நாக்கைத்தான் பணயம் வைக்கிறேன். உதட்டின் உள்பக்கம் ஈரம், வெளிப்பக்கம் மின்விசிறிக் காற்று, இரண்டும் தனித்தனியாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன், ஊருக்குப் போகும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பூட்டுகிற மாதிரி. அதிர்வு நின்றுவிட்டது. முடிந்ததா, இல்லை அடுத்த சுற்றுக்கு நிற்கிறதா. யாரும் வரவில்லை. வாயால் சொல்லியிருப்பார்கள், ஒலிபெருக்கியில், முடிஞ்சுதும்மா வாங்க என்று. நான் அசையாமல் நிற்கிறேன். கழுத்து கடுக்கிறது. கடைசியில் யாருக்கோ ஞாபகம் வந்து அந்த அம்மா ஓடி வந்து என் தோளைத் தொடுகிறார், கண்ணில் ஒரு மன்னிப்பு. வாயில் கட்டியிருந்த எச்சிலை விழுங்குகிறேன்.

மறுபடியும் பெஞ்ச். கம்மலைப் போட்டுக்கொண்டிருக்கும்போது திறந்த கதவு வழியாகக் கண்ணாடிக்கு அப்பால் திரை தெரிகிறது, என் தாடை இப்போது துண்டு துண்டாக, மெல்லிய சீவல் சீவலாக வருகிறது. அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். ஒரு இடத்தில் நிறுத்துகிறார். பக்கத்தில் நிற்கிற என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்கிறார். அவர் குனிந்து பார்க்கிறார். கை பின்கழுத்துக்குப் போகிறது. கை பின்கழுத்துக்குப் போனால் அவருக்கு உள்ளே என்னவோ சரியில்லை, எழிலுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று வந்தபோது போனது, அந்தப் பிரசவக் காகிதத்தை நான் நீட்டியபோது போனது. எழுந்து போய்ப் பார்க்கலாம். என் தாடைதானே. எழுந்திருக்கிறேன், அதற்குள் திரை அணைகிறது, படம் போட்ட உறை அவர் கைக்கு வந்துவிடுகிறது, மாடிக்குப் போகலாம் என்று அவர் கை காட்டுகிறார். படியில் அவர் முன்னால், நான் பின்னால். எனக்கு முன்னால் நடக்க மாட்டார், முகம் தெரியாமல் போகும் என்று எப்போதும் பக்கத்தில்தான் நடப்பார். இன்றைக்கு முன்னால் போகிறார். முதுகு பேசாது என்று தெரிந்துதான் போகிறார்.

டாக்டர் பர்வீன் படத்தைத் திரையில் போடுகிறார். நான் நாற்காலியில் மல்லாக்கப் படுக்கவில்லை, நின்றுகொண்டேன். மாஸ்க் அசைகிறது, கண் அவரைப் பார்க்கிறது, அவர் ம் ம் என்று தலையாட்டுகிறார். நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முழங்காலில் வைத்து, பேனாவையும் வைக்கிறாள். சம்மதப் படிவம். அவர் பேனாவை எடுக்கிறார். என் கை போய்க் காகிதத்தின் மேல் விழுந்தது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"நீங்க முன்னாடி டாக்டர்ட்ட என்னுங்க சொன்னீங்க? வேணுமின்னா, வேணாமின்னா?"

அவர் டாக்டரைப் பார்க்கிறார். "என்னயப் பாத்துச் சொல்லுங்க," என்கிறேன்.

உதட்டைப் பார்க்கிறேன். கண்ணை அல்ல. வாய் திறக்கிறது, அகலமாக, மறைக்க முடியாத அளவுக்கு. "வேணாம்னுதான் சொன்னேன்." பிறகு வேகமாக வருகிறது, பாதிதான் பிடிக்கிறேன், நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்கிறேன், சொல்கிறார். "அந்தப் படம் வேணாம்னேன். அதுல ஏதாச்சும் தெரிஞ்சுதுன்னா நீ பல்ல எடுக்கவே மாட்டீன்னு நெனச்சேன். மயிலாத்தாவப் பாத்துப் பாத்து நீ பயந்து கெடக்கற. போன வாரம் நீ காச்சல்ல கெடந்தது எனக்குப் பாக்க முடியல வசு. எடுத்துட்டா முடிஞ்சுபோகும்னு தோணுச்சு. டாக்டர்தான் முடியவே முடியாது, படம் பாக்காம கை வைக்க மாட்டேன்னுட்டாங்க." அப்படியானால் நான் சந்தேகப்பட்டதில் பாதி சரி. கட்டி இல்லை, மறைத்த நோய் இல்லை, என்னிடம் பிரியம்தான், அந்தப் பிரியம் எனக்காக என்னைக் கேட்காமல் வேணாம் என்று சொல்லிவிட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எத்தனை மாதம், எத்தனை வருஷம் ஒவ்வொரு திரும்பிய முகத்திலும் தேடிக்கொண்டிருந்தேன், கண்டுபிடித்துவிட்டேன், ஓட்டை இருக்கிறது, இதோ இந்த இடத்தில். டேபிளில் என்றால் அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைத்துவிடுவேன். மனுஷனை எங்கே தள்ளி வைப்பது. "நீங்க வெளிய இருங்க," என்றேன். "நான் பேசிட்டு வர்றேன்." "தனியாவா? உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எழுந்து போனார். கதவைச் சாத்தினேன்.

டாக்டரிடம் மாஸ்க்கைக் காட்டி, கழற்றச் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போய், ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்று கழற்றினார். நான் நினைத்ததைவிட இளையவர், முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து இருக்கிறது, பல் டாக்டருக்கே. கைக்குழந்தையிடம் பேசுவதுபோல் வாயை இழுத்து இழுத்துப் பேசினார். "சாதாரணமாப் பேசுங்க," என்றேன். வெட்கப்பட்டார். அப்புறம் சாதாரணமாகப் பேசினார், எனக்குப் பிடிபடாத சொல்லைக் காகிதத்தில் எழுதினார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது, அதற்குள் நரம்பு, உதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு கொடுப்பது அதுதான். முதல் படம் தட்டையானது, வேரும் குழாயும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தது, தொடுகிறதா தள்ளிப் போகிறதா என்று அதில் சொல்ல முடியாது. இந்தப் படத்தில் தெரிகிறது. சீவல்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். என் பல் படுத்துக் கிடக்கிறது, இரண்டு வேர், அந்த இரண்டுக்கும் நடுவே, கவட்டியில் கயிறு போகிற மாதிரி, நரம்பு நுழைந்து போகிறது. எலும்புச் சுவர்கூட நடுவில் இல்லை. வேரோடு பிடுங்கினால் அது இழுபடும், நசுங்கும், அறுந்தும் போகலாம். "நாக்கு?" என்றேன். இவ்வளவு நேரமும் அதற்குத்தான் காத்திருந்தேன். அவர் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "நாக்குக்குப் போற நரம்பு வேற, வசுமதி. அது எலும்புக்கு உள்பக்கம் சதைக்குள்ள போகுது. இந்தப் படத்துல அது தெரியாது. எந்த இடத்துல போகுதுன்னு நான் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் கை வைக்காம, கன்னத்துப் பக்கமாவே வேலை செய்யலாம், அதைத்தான் செய்வேன்." தெரியாது என்று சொன்ன அந்த வாயை நான் நம்பினேன். எல்லாம் தெரியும் என்றிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

பல்லின் தலையை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு வேரை அங்கேயே விட்டுவிடலாம் என்றார். ஈறு அதன்மேல் மூடிக்கொள்ளும், நரம்பைத் தொட வேண்டியதே இல்லை. பின்னால் எப்போதாவது வேர் மேலே நகர்ந்து வரலாம், வந்தால் அப்போது நரம்பைவிட்டு விலகி வந்திருக்கும், எடுப்பது சுலபம். ஆபத்து ரொம்பக் குறையும், இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் செய்யாமல் விட்டால் வீக்கம் மறுபடி வரும். மூன்றையும் எழுதி நடுவில் வைத்தார். அறுக்கும்போது வேர் ஆடிவிட்டால் என்று கேட்டேன். ஆடினால் விட முடியாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். "நான் முழிச்சுட்டுத்தான இருப்பேன்? நீங்க மாஸ்க் போட்டிருப்பீங்க, என் வாய்ல உங்க கை இருக்கும். வேர் ஆடிருச்சுன்னு எனக்கு எப்படிச் சொல்லுவீங்க? வெளிய போய் அவரைக் கேப்பீங்களா?" அதை டாக்டர் பர்வீன் யோசித்திருக்கவில்லை. யோசித்திருக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு வெள்ளை அட்டை கேட்டார், தடித்த பேனாவால் எழுதினோம், நானும் அவரும் சேர்ந்து. வேர் ஆடுகிறது, எடுக்கணும். ரத்தம் அதிகம், கொஞ்சம் நிறுத்துகிறேன். முடிந்தது. வலிக்கிறதா. நான் இடது கையைத் தூக்கினால் அவர் நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு மாஸ்க்கை இறக்க வேண்டும். படிவத்தை எடுத்தேன். எல்லாம் ஆங்கிலம், கீழே இரண்டு கோடு, ஒன்று நோயாளி, ஒன்று பொறுப்பாளர். தலையை மட்டும் எடுப்பது என்று தமிழில் எழுதச் சொல்லி, படித்து, முதல் கோட்டில் என் பெயரைப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. வியாழக்கிழமை காலை.

வெளியே வந்தால் அவர் எழுந்து நிற்கிறார். உட்கார்ந்தே இருக்கவில்லை போலிருக்கிறது, சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. நர்ஸ் அட்டையோடு உள்ளே போனதை, வந்ததைப் பார்த்திருப்பார், சாத்திய கதவைப் பார்த்திருப்பார். "என்ன சொன்னாங்க?" என்கிறார். "கையெழுத்துப் போட்டுட்டியா? எதுக்குப் போட்டே?" கண் என் முகத்தில் அங்குமிங்கும் ஓடுகிறது, உதட்டில், நெற்றியில், மறுபடி உதட்டில், எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லி வண்டியில் ஏறிக்கொள்ளலாம். வீடு வரைக்கும் இருபது நிமிஷம். பின்னால் உட்கார்ந்தவளிடம் ஓட்டுகிறவர் எதுவும் கேட்க முடியாது. இருக்கட்டும், இருபது நிமிஷம் தெரியாமல் இருந்து பார்க்கட்டும். ஆசையாக இருக்கிறது, நாக்கில் இனிக்கிற அளவுக்கு ஆசையாக இருக்கிறது. அவர் கை பின்கழுத்துக்குப் போகிறது. நான் அங்கேயே, படிக்கட்டின் தலைப்பில், ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றுகொண்டு சொல்கிறேன். வேர் இரண்டு, நடுவில் நரம்பு, தலையை மட்டும் எடுப்பார்கள், வேர் ஆடினால் எடுத்தே ஆகணும், நாக்கு நரம்பு படத்தில் தெரியாது, வியாழக்கிழமை, நான்தான் முடிவு பண்ணினேன், இனிமேல் எனக்குள்ளே இருக்கிறதைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் என்னைக் கேட்கச் சொல்லுங்க. பொது இடத்தில் நான் பேசினால் அவர் உள்ளங்கை தானாகக் கீழே அமுங்கும், மெல்லப் பேசு என்று, என் குரல் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று எனக்குத் தெரியாதில்லையா. இரண்டு பேர் படியில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். நான் அவர் கையைப் பார்க்கிறேன். அது அமுங்கவில்லை.